கோயிலுக்குத் தகரம் போட்ட பெரியப்பா

மாயாபந்தர் வட்டாரத்தில் என் பெரியப்பா மத்தியாஸ் போடாத கூரை இல்லை. ஜெட்டியின் சரக்குக் கொட்டகை, பள்ளிக்கூடம், காட்டிலாகா குவார்ட்டர்ஸ், வங்காளிக் குடியேற்றக்காரர்களின் வீடுகள் என்று எங்கே நெளிதகரம் மின்னினாலும் அதில் அவர் அடித்த ஆணி இருக்கும். சாயர்புரத்துக்குப் பக்கத்தில் பனையேறிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மரம் வெட்டும் கூலியாகத்தான் அவர் அந்தமானுக்குக் கப்பல் ஏறினார். பத்து வருஷத்துக்குள் இந்தி பேசக் கற்று, அளவு நாடா பிடிக்கக் கற்று, 'மேஸ்திரி' என்று எல்லோரும் கூப்பிடும் ஆளாகிவிட்டார். பிறகு தம்பியான என் அப்பாவையும் வரவழைத்துக்கொண்டார். என்னைப் பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான்.

"நம்ம வம்சத்துல ஒருத்தனாவது பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்துப் போடணும்லே" என்பார்.

போட்டேன். எங்கள் குடியேற்றத்தின் முதல் பி.ஏ. நான்தான். வரலாறு படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. எனக்குக் கூச்சம் தந்தது வேறொன்று. அது என் குடும்பத்தின் கூச்சம். அது எங்கள் கோயிலின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

அந்தக் கோயிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் காட்டிலாகா அதிகாரிகள் தங்கள் ஞாயிறு ஆராதனைக்காகக் கட்டிக்கொண்டது அது. தீவில் கட்டடத்துக்குத் தோதான கல் கிடையாது. செங்கல் கப்பலில் வர வேண்டும். மரத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஆகவே முழுக் கோயிலையும் மரத்திலேயே எழுப்பினார்கள். இடுப்பளவு உயரத்துக்குப் படாக் மரக் கால்கள், அதன்மேல் பலகைத் தளம், பலகைச் சுவர். சீமையில் கல்லை வளைத்துக் கட்டும் கூர்முனைச் சன்னலை இங்கே பலகையில் அறுத்துப் பொருத்தியிருந்தார்கள். பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. வேலை செய்தவர்கள் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் தச்சர்கள்.

எல்லாவற்றிலும் அழகு கூரைதான். படாக் கட்டைகளைக் கோடாலியால் பிளந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றடுக்காக வேய்ந்த மர ஓடு. செங்குத்தான சரிவு. இறவாரம் சன்னல் வரைக்கும் தாழ இறங்கும். கடலிலிருந்து பார்த்தால் மேட்டின்மேல் யாரோ ஒரு பெரிய படகைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் அதில் அரிசி மூட்டை அடுக்கினார்கள். பிறகு கொஞ்ச காலம் வௌவால்கள் இருந்தன. வந்தேறிய எங்கள் ஆட்கள் வௌவாலை விரட்டி, தரையைக் கழுவி, தமிழ் ஆராதனையைத் தொடங்கினார்கள். பெரியப்பாவும் அதில் ஒருவர்.

ஆனால் குடிசையில் பிறந்தவருக்கு அந்தக் கூரை ஆகவில்லை. பாசி பிடித்து, பெரணி முளைத்து, ஓரிரண்டு இடத்தில் ஒழுகவும் ஆரம்பித்திருந்தது. சபைக் கமிட்டியில் அவர் எழுந்து பேசியதை அப்பா எனக்கு அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறார்.

"ரேஷன் கோடவுனுக்கு நெளிதகரம், ஆண்டவரு வீட்டுக்கு விறகுச் சில்லா? கேக்கவே வெக்கமா இருக்குவே!"

பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராஜமாணிக்கம் மட்டும் எதிர்த்தார். "அஞ்சாறு ஓடுதான் மக்கியிருக்கு அண்ணாச்சி. கரேன்காரன்கிட்ட சொன்னா பிளந்து குடுப்பான். மாத்திட்டுப் போவோம்."

"இன்னும் எத்தனை காலத்துக்குவே ஒட்டுப் போடுவீரு? மேல ஆடு ஏறி மேயலாம்போல இருக்கு. மெயின்லாண்டுல இருந்து ஒருத்தன் வந்து பாத்தா என்ன நெனைப்பான்?"

"நெனைச்சுட்டுப் போறான். அவனா நமக்காக இங்க வந்து முழங்கால் போடப் போறான்?"

கமிட்டி சிரித்தது. ஆனாலும் பெரியப்பா பக்கமே சாய்ந்தது. கூலி வாங்காமல் செய்து தருகிறேன் என்று அவர் சொன்னதும் ஒரு காரணம். மழை ஓய்ந்த மாதங்களில் வேலை நடந்தது. தகரம் மிச்சமாகும் என்று சரிவைத் தாழ்த்தினார். நீண்ட கைமரங்களை அறுத்துக் குட்டையாக்கினார். இறவாரத்தைக் குறைத்தார். இறக்கிய மர ஓடுகளை ஊரே அள்ளிக்கொண்டு போய் அடுப்பெரித்தது. செல்வம்மாள் பெரியம்மா அதில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் தனி மணம் என்று சொன்னாளாம். பிரதிஷ்டை அன்று புதுத் தகரத்தில் வெயில் பட்டு, அண்ணாந்து பார்க்க முடியாமல் எல்லோருக்கும் கண் கூசியது. பெரியப்பாவுக்கு மாலை போட்டார்கள். அவர் போட்டதிலேயே நல்ல கூரை அதுதான் என்று அவரே சொன்னார்.

அந்த வருஷம் மே மாதம் நான் படிப்பு முடித்துத் திரும்பினேன். கப்பல் வளைவு திரும்பியதும் தளத்தில் நின்று மேட்டைப் பார்த்தேன். படகைக் காணவில்லை. பளபளவென்று ஒரு சப்பைத் தகரம் தெரிந்தது. பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த கலாசி இன்னொருவனிடம், "வோ நயா கோடவுன் கிஸ்கா ஹை? ஃபாரஸ்ட் கா?" என்று கேட்டான். எந்த இலாகாவின் கிடங்கு என்று கேட்கிறான்! அது கிடங்கு இல்லை, என் பெரியப்பா வேய்ந்த கோயில் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நான் வந்த பிறகு முதல் மழை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் பிடித்தது. எங்கள் சபைக்கு நிரந்தரமாகப் பாதிரியார் கிடையாது. போர்ட் பிளேயரிலிருந்து குருவானவர் எப்போதாவது கப்பலில் வருவார். மற்ற நாட்களில் ஆராதனை நடத்துவது ஞானாபரணம் உபதேசியார். அவர் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார். முதலில் யாரோ தலைக்குமேல் ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லை எறிந்ததுபோல இருந்தது. அடுத்த நொடி உலகம் இடிந்து விழுந்தது. உபதேசியாருடைய வாய் மட்டும் அசைந்தது. அவர் குரலை உயர்த்தினார், கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் காதுக்குக் கை கொடுத்தார்கள். பிள்ளைகள் சிரித்தன. கடைசியில் அவர் புத்தகத்தை மூடி, கையை உயர்த்தி, ஊமை ஆசீர்வாதம் கொடுத்து எங்களை அனுப்பினார்.

தகரம் சத்தம் போடும் என்று இவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு வீட்டிலும் தகரம்தானே! ஆனால் வீட்டில் மழைக்கு மேல் கத்திப் பேசி எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. கோயிலுக்குள் மட்டும் மழை தூரத்தில் பெய்வதுபோல மெத்தென்று கேட்கும். அதை எங்கள் ஆட்கள் கோயிலின் பரிசுத்தம் என்று நம்பியிருந்தார்கள். மூன்றடுக்கு மர ஓடும், அவற்றின் இடையில் நின்ற காற்றும், செங்குத்துச் சரிவும் சேர்ந்து செய்த வேலை அது என்று யாருக்கும் தோன்றவில்லை. பரிசுத்தம் அங்கேயேதான் இருக்கும், கூரையை மட்டும் மாற்றலாம் என்று நினைத்தார்கள். பெரியப்பாவும் அப்படியே நினைத்தார்.

வெளியே வந்ததும் கேலி தொடங்கிவிட்டது.

"இன்னைக்குப் பிரசங்கம் பிரமாதம் மேஸ்திரி. ஒரு வார்த்தைகூடக் குத்தலை."

"மொத மழைல்லா, அப்படித்தான் இருக்கும். காது பழகிரும்" என்றார் பெரியப்பா. சொல்லும்போதே அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

பழகவில்லை. அவர் சாக்குகளைத் தைத்துக் கூரைமேல் விரித்தார். காற்று அவற்றை ஜெட்டி வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டது. தகரத்துக்குக் கீழே தேங்காய் நார் அடைத்துப் பார்த்தார். நாரில் எலி குடியேறியது. அந்தமானில் மழை எட்டு மாதம் பெய்யும்.

இதற்கு நடுவில் அவர் மகள் கிரேசிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை தேவதாசன் போர்ட் பிளேயர் துறைமுக ஆபீசில் வேலை பார்த்தான். வீடும் அங்கேயே, டாலிகஞ்சில். கமிட்டியில் எதிர்த்துப் பேசிய அதே ராஜமாணிக்கத்துக்கு அக்காள் மகன். குருவானவர் அடுத்த கப்பலில் வரும்போது கல்யாணம் என்று முடிவாயிற்று. அந்தக் கப்பலை விட்டால் அவர் திரும்ப வருவது கிறிஸ்துமசுக்குத்தான்.

எங்கள் சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப் போகிறது, தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று சபைக்கு முன்னால் சத்தமாக அறிவிப்பதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்த ஞாயிறு, மழை அடித்து ஊற்றியது. உபதேசியார் வாசித்தார், கேட்டார், கொஞ்ச நேரம் காத்து நின்றார், உட்கார்ந்தார். கிரேசி தலையைக் குனிந்திருந்தாள். தன் பெயர் சொல்லப்பட்டது அவளுக்கே தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வராந்தாவில் செருப்பு மாட்டும்போது ராஜமாணிக்கம் நிறுத்தினார்.

"உபதேசியாரே, ஓலை வாசிச்சீரா?"

"வாசிச்சேனே."

"எனக்குக் கேக்கலை. மாப்பிள்ளைக்கு மாமன் நான், எனக்கே கேக்கலை. வேற யாருக்குவே கேட்டுச்சு?"

எல்லோரும் குனிந்து செருப்பைத் தேடினார்கள்.

பெரியப்பா முன்னால் வந்தார். "என்ன மச்சான், நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்களே மறிச்சா எப்படி?"

"மறிக்கலை அண்ணாச்சி. நாளைக்கு எவனாவது, எங்களுக்குத் தெரியாம நடந்த கல்யாணம்னு ஒரு பேச்சு பேசினா என் மருமகனுக்குத்தான அசிங்கம்? உங்க பொண்ணுக்கும்தான்."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வம்புக்குப் போகாத மனிதர். ஆனால் வேதக் காரியத்தில் வளைய மாட்டார். "தடை உண்டான்னு நான் கேட்டேன் மேஸ்திரி. கேள்வியே காதுல விழாதவன் எங்க பதில் சொல்லுவான்? இதை ஓலையா எண்ண என் மனசாட்சி இடங்குடுக்கலை. வார ஞாயிறு முதல்ல இருந்து ஆரம்பிப்போம். அன்னைக்கும் கேக்கலைன்னா, கப்பலுக்கு முன்னால மூணு ஓலை முடியாது. பிறகு கிறிஸ்துமஸ்தான்."

"கிறிஸ்துமஸ் வரைக்கும் அக்கா பொறுக்க மாட்டா" என்றார் ராஜமாணிக்கம். "அவ மகனுக்கு அங்க ரெண்டு மூணு இடத்துல இருந்து வந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. நான் ஒளிச்சுப் பேசலை."

அந்த வாரம் பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. தண்ணீர்க் குழாயடியில் மரகதம் என்ற ஒரு பெண், பக்கத்தில் கிரேசி குடம் வைத்திருப்பதைப் பார்க்காமலோ பார்த்தோ, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மக ஓலை யாரு காதுலயும் விழுந்துரக் கூடாதுன்னுதான் மேஸ்திரி தகரம் போட்டாராக்கும்! உள்ள என்ன கதையோ?"

பெரியம்மா வந்து இதைச் சொல்லி அழுதபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிரேசி அழவில்லை.

"எனக்கு என்ன கோளாறு இருக்குன்னுப்பா இப்படிப் பேசுதாங்க?" என்றாள்.

அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். இருபது ஆட்களை அதட்டி வேலை வாங்கிய மனிதர், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றதை நான் முன்பு பார்த்ததில்லை. அதன் பிறகு அவர் பஜார் வழியாக வேலைக்குப் போவதை நிறுத்தினார். கடற்கரைச் சேற்றில் இறங்கிச் சுற்றிப் போனார். எதிரே ஆள் வந்தால் குடையைத் தாழ்த்திக்கொள்வார்.

அடுத்த ஞாயிறும் மழை விடவில்லை. முந்தின இரவிலிருந்தே ஊற்றிக்கொண்டிருந்தது. கோயிலில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். என்ன நடக்கும் என்று பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். ஓலை வாசிக்க வேண்டிய இடம் வந்ததும் உபதேசியார் எழுந்து நின்றார். மழை குறைகிறதா என்று கூரையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சபை முழுவதும் அண்ணாந்து என் பெரியப்பாவின் தகரத்தைப் பார்த்தது. ராஜமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை குறையவில்லை. தகரம் அதிர்ந்ததில் ஆணி ஓட்டைகளிலிருந்து துரு கரைந்து, பீடத்து வெள்ளைத் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது.

பெரியப்பா எழுந்தார். முன்வரிசையில் அவருக்கென்று இருந்த இடத்திலிருந்து நடந்து, சபைக்கு எதிரே திரும்பி நின்றார். ஏதோ சொன்னார். கேட்கவில்லை. மறுபடி சொன்னார். பிறகு கையை வாசல் பக்கம் நீட்டி, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று காட்டினார். யாருக்கும் விளங்கவில்லை. கோபித்துக்கொண்டு எங்களைத் துரத்துகிறார் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். அவர் இரண்டு கையையும் குவித்தார். கும்பிட்டபடி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். சபையில் ஒருவரிடமும் அவர் அதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை. பிறகு பெண்கள் பக்கம் போய், கிரேசியின் கையைப் பிடித்து எழுப்பி, நடுப்பாதை வழியே அழைத்துக்கொண்டு போய்ப் படியில் இறங்கி மழையில் நின்றார்.

முதலில் எழுந்தவர் உபதேசியார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போனார். அப்புறம் பெரியம்மா, நாங்கள், பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். குடை உள்ளவர்கள் விரித்தார்கள், இல்லாதவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தகரத்தை விட்டுப் பத்தடி விலகியதும் சத்தம் அடங்கியது. வெளியே மழை வெறும் மழையாகப் புல்லில் பெய்தது. பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஊரிலேயே பெரிய கூரையைப் போட்டுவிட்டு, அதற்கு வெளியே வந்தால்தான் தேவ வார்த்தை கேட்கும் என்று பெரியப்பா தானே எங்களை இழுத்து வந்து காட்டிவிட்டார்.

யாரோ குடை பிடிக்க, உபதேசியார் வாசித்தார். மத்தியாஸ், செல்வம்மாள் இவர்களின் குமாரத்தி கிரேசி என்று தெளிவாகக் கேட்டது. தடை அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று நிறுத்தினார். மரகதம் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜமாணிக்கம் தொண்டையைக் கனைத்தார். "கேட்டுச்சு உபதேசியாரே. நல்லாக் கேட்டுச்சு."

எல்லோரும் மறுபடி உள்ளே போனோம். பெரியப்பா வரவில்லை. பெரியம்மா படிவரைக்கும் திரும்பிப் போனாள்.

"உள்ள வாங்க. எல்லாரும் பாக்காங்க."

"நீ போ."

"ஓலைதான் முடிஞ்சுட்டே, இன்னும் என்ன?"

"போன்னு சொல்லுதேன்லா செல்வம்மா. அதுக்கடியில வந்து என்னால இருக்க முடியாது."

அவர் வெளியே வேலிப் பக்கமாகவே நின்று ஆராதனையை முடித்தார். அடுத்த இரண்டு ஓலைக்கும் சபை யாரும் சொல்லாமல் தானாகவே எழுந்து வெளியே வந்தது. மனிதர்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடுகிறது. குடையில்லாமல் வருகிறவர்கள் குறைந்தார்கள். மூன்றாவது ஞாயிறு ராஜமாணிக்கம் பெரியப்பா பக்கத்தில் வந்து தன் குடையை அவர் தலைக்கு நேரே சாய்த்தார்.

"உள்ள வாரும் சம்பந்தி, நனையுதீரு."

"இருக்கட்டும். நனைஞ்சாச்சுல்லா" என்று பெரியப்பா ஓரடி நகர்ந்துகொண்டார். கேலியைத் தாங்கியவரால் அந்தக் குடையைத் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

கல்யாணத்தன்று அதிசயமாக வெயில் அடித்தது. குருவானவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், பழைய கோயிலைப் பார்த்ததில்லை. சம்மதமா என்று அவர் கேட்டதற்குக் கிரேசி மெல்லச் சொன்ன பதில் கடைசி வரிசை வரை கேட்டது. எல்லாம் முடிந்து படியிறங்கும்போது குருவானவர் நின்று, கூர்முனைச் சன்னலையும் மேலே தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுவரெல்லாம் எவ்வளவு அழகான பழைய வேலை! இந்தக் கூரையை யார் இப்படிப் போட்டது?"

மாலையும் பட்டு அங்கவஸ்திரமுமாகப் பெரியப்பா அவருக்கு இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜமாணிக்கம்தான் பதில் சொன்னார்.

"சபையார் எல்லாருமாச் சேர்ந்து போட்டது ஐயா."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. நான்தான் போட்டேன் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "சாப்பாடு ஆறிப்போவும், எல்லாரும் வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பந்தல் பக்கம் நடந்தார்.